வானத்துல இருந்து பேசுற ஆளு

இல்லைங்க, அது மட்டும் வேணாம். ஃபோனைக் கீழ வைங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க வீட்டம்மா தினம் நம்ம சீரியல் பாக்குறாங்கன்னு சொன்னீங்க, சந்தோஷம். ஆனா அந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கன்னா முடியாதுங்க. நான் அந்த வேலையை விட்டு மூணு வாரம் ஆச்சு. இப்பப் பேசுறது வேற ஒருத்தர். உங்களுக்கு வித்தியாசமே தெரியலைல்ல? தெரியாது. எக்கோ போட்டுட்டா யார் பேசினாலும் சாமிதான்.

ஆனா பாருங்க, ஏறினதும் இடம் சொன்னேன், அவ்வளவுதான், உடனே கண்டுபிடிச்சிட்டீங்க. பதினோரு வருசம் வானத்துல இருந்து பேசியிருக்கேன்ல.

எங்க இருந்து பேசுவேன்னா கேக்குறீங்க? சொன்னா சிரிப்பீங்க. நம்ம வீட்டு பாத்ரூம் அளவுக்கு ஒரு ரூம். சுவர் பூரா பஞ்சு வச்ச துணி. ஃபேன் போட மாட்டாங்க, மைக்ல சத்தம் விழுந்துரும். வாட்சைக் கழட்டி வச்சிரணும், செருப்பை வெளிய விட்டுரணும். வேர்த்து ஊத்த ஊத்த, பனியனோட நின்னுக்கிட்டு, மானிடரே கேளுங்கள்னு பேசுவேன். காலையில சாப்பிடாம வந்துட்டா வயிறு கத்தும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சவுண்ட் இன்ஜினியர் சொல்வாரு, சார், சாமிக்குப் பசிக்குது, இன்னொரு தடவை போலாம்னு.

ஆமா, நல்ல வேலைதான். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

எப்பெப்ப என்னைக் கூப்பிடுவாங்கன்னு நெனைக்கிறீங்க? சீரியல்ல வர்ற அந்த ராஜா ஏதாவது கேவலமா பண்ணிட்டு, எதுக்குப் பண்ணான்னு எழுதுறவருக்கே காரணம் கிடைக்கலைன்னா, எனக்கு ஃபோன் வரும். சார், நாளைக்கு ஒரு நாலு வரி இருக்கு, வந்துருங்கன்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கூடப் பொறந்த தம்பி கோட்டைக்கு வெளிய எதிரிங்க நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறான், ராஜா கதவை மூடச் சொல்றான். காவக்காரன் கேக்குறான், உங்க தம்பிங்களே மகாராஜா, எப்படி மூடுறதுன்னு. உடனே மேல இருந்து நான். மூடு, இது விதி. அவ்வளவுதான். கதவு மூடியாச்சு, தம்பி செத்தாச்சு, பூ மழை கொட்டியாச்சு. அந்த பார்ட் வந்தப்ப தியேட்டர் மாதிரி வீட்டு ஹால்ல நாங்க எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேங்க.

இந்த ஒரு கதைன்னு இல்ல. நீங்க எந்த ஊரு பழைய கதையை வேணா எடுத்துக்குங்க. ராஜா தப்பு பண்றதுக்கு முன்னாடி என்னைக்காவது வானம் பேசியிருக்கா? டேய், வேணாம்டா, உருப்பட மாட்டேன்னு ஒரு தடவை சொல்லியிருக்கா? பண்ணி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கும். யாராவது சின்ன ஆளு எந்திரிச்சு ஏன்னு கேட்டான்னு வைங்க, அப்பத்தான் இடி இடிச்சுக்கிட்டு வந்து அவன் வாயை அடைக்கும். வீரன், தர்மம், ஆணைன்னு பெரிய பெரிய வார்த்தையா எடுத்துவிடும். எல்லாம் ராஜா பக்கம்தான். வாடகைக்கு எடுத்த வாய்ங்க அது. அந்த வாய் நான்தான்.

சாமி இல்லைன்னு நான் சொல்லல. அது வேற பேச்சு. இருந்தா அது பனியனோட நின்னு பேசாதுன்னு மட்டும் சொல்றேன்.

சிக்னல் விழுந்துருச்சு, மெதுவா போங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, பதினோரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க.

ராணி கதையா? ம். உங்க வீட்டம்மா அழுதாங்களா? எல்லாரும் அழுதாங்க. சரி, அதையும் கேளுங்க. அந்த ராணி ஏன் அரண்மனையை விட்டுப் போறா? பெத்த பிள்ளையை ராஜா எதிரிகிட்ட பிணையா குடுத்துட்டான், பிள்ளை திரும்பி வரல. உங்கூட இருக்க மாட்டேன்டான்னு சொல்லிட்டு அண்ணன் ஊருக்குப் போயிர்றா. எழுதுறவர் ஒரு நாள் காபி மெஷின்கிட்ட நின்னுக்கிட்டு எங்கிட்ட சொன்னாரு, சார், பழைய கதையில அவ திரும்பிப் போகவே இல்ல. அண்ணன் ஊர்லயே ஒரு குளம் வெட்டிக்கிட்டு, நாலு பேருக்கு நல்லது பண்ணிக்கிட்டு, கெழவியாகித்தான் செத்தா. ராஜா மூணு தடவை வந்து கேட்டும் அண்ணன் கதவைத் தொறக்கலன்னாரு.

நீங்க பாத்தது அப்படி இல்லைல்ல? அவ அரண்மனையை விட்டுப் போனதும் பாக்குற கூட்டம் கொறைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு நல்லா நடிக்கும், அந்த செட்டும் நல்லா இருக்கும். ராணியைத் திருப்பிக் கொண்டாங்கன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. மேலன்னா வானம் இல்லைங்க, மூணாவது மாடி. அந்தக் காபி மெஷின் மேலயே பேப்பரை வச்சு நாலு வரி எழுதினாரு. தெய்வ சித்தம் முடிஞ்சது. நான் உள்ள போய் ஒரே டேக்ல பேசிட்டு வந்தேன்.

என்ன வரியா? சாதாரணமா சொல்றேன், அந்தக் குரல்ல இல்ல. பெண்ணே, உன் இடம் அவன் அருகில். திரும்பிப் போ. கேள்வி கேளாதே. அப்புறம் அண்ணனைப் பாத்து, கதவைத் திற. அவ்வளவுதான்.

இதுக்குப் போய் வேலையை விட்டேனான்னு கேக்குறீங்க. இல்லைங்க. இதுக்கு விடல. பேசிட்டு நல்லா சாப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டுல என் தங்கச்சி இருந்தா. கூடப் பொறந்தவ, ஒருத்திதான். ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் ஒரு பையோட வந்து நின்னா. அந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை. ஏன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. எங்க வீடு ரெண்டு ரூம். பிள்ளைங்களோட தரையில படுத்துக்கிட்டா. ரெண்டாவது நாளே, இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கவாண்ணேன்னு கேட்டா. இரும்மா, அதுக்கென்னன்னேன். வாய்தான் சொல்லிச்சு. மனசுக்குள்ள எனக்கு ஒரே எரிச்சல். பாத்ரூமுக்கு வரிசை. வீட்டுல சத்தம் போட்டுப் பேசிப் பழக முடியல. எப்படா கெளம்புவான்னு இருந்துச்சு. இதை என் வீட்டுக்காரிகிட்டகூட நான் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன்.

அன்னைக்கு நான் போறப்ப மாப்பிள்ளை வந்து சோஃபால உக்காந்திருந்தாரு. அவங்க அம்மா, அவரோட பெரியப்பா, எல்லாரும். கொஞ்சம் கைநீட்டிட்டான், இனிமே மாட்டான்னு பெரியப்பா சொன்னாரு. தங்கச்சி சுவத்தோரமா நின்னுக்கிட்டு, நான் வரலன்னு மட்டும் சொன்னா. கத்தவெல்லாம் இல்ல. அந்தப் பெரியப்பாதான் சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாரு. நீங்க ஊருக்கே சாமி, உங்க தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, அந்தக் குரல்லயே சொல்லுங்களேன்னாரு. மாப்பிள்ளையோட அம்மா கையையே கூப்பினாங்க.

சொன்னேங்க. காலையில பேசின அதே நாலு வரி. எக்கோகூட இல்ல, ஆனா நல்லா வந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது நல்லா வருதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. என் வீட்டுக்காரி மட்டும் எந்திரிச்சு உள்ள போயிட்டா. தங்கச்சி என்னை ஒரு பார்வை பாத்தா. கேள்வி எதுவும் கேக்கல. உள்ள போய்ப் பையை எடுத்துக்கிட்டு வந்தா. நான்தான் எழுந்து கதவைத் தொறந்து விட்டேன்.

ரெண்டு மாசம். அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன். அறைஞ்சிருக்கான், ஒரு தடவை இல்ல, பல தடவை. இடது பக்கம் செவிப்பறை கிழிஞ்சு, இனிமே அந்தக் காது கேக்காதுன்னுட்டாரு டாக்டர். பாக்கப் போனேன். நர்ஸ் வெளிய வந்து, அண்ணனை உள்ள விட வேணாம்னு பேஷன்ட் சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க. இப்ப அவ எங்க வீட்டுல இல்ல, கூட வேலை செய்யிற பொண்ணோட ரூம்ல இருக்கா.

இங்க லெஃப்ட். அதோ அந்த போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்துங்க.

இல்லைங்க, நான் புகார் குடுக்க வரல. புகார் குடுத்தது தங்கச்சி. நாலு பேர் பேரு எழுதியிருக்கா. புருஷன், மாமியார், பெரியப்பா. நாலாவது நான். மெரட்டி அனுப்பி வச்சாருன்னு எழுதியிருக்கா, என்ன குரல்ல, என்ன வார்த்தைன்னு ஒண்ணு விடாம. நேத்து இன்ஸ்பெக்டர் அம்மா ஃபோன்ல படிச்சுக் காட்டினாங்க. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், விளையாட்டுக்குப் பேசினேன்னு சொல்லிடுங்க சார், வெளிய வந்துரலாம்னாரு. அவ எழுதினது அத்தனையும் நெசம்னு எழுதிக் குடுக்கத்தான் வந்தேன்.

நீங்க கெளம்புங்க, காத்திருக்க வேணாம். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. அந்தா, பெஞ்சுல பச்சைச் சட்டை போட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். ஹாரன் அடிக்காதீங்க. இந்தப் பக்கத்துல இருந்து கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. நான் சுத்தி அந்தப் பக்கமா போய் நிக்கிறேன்.