ஏற மறுத்த கோடு

கட்டம் போட்ட தாளில் கோடு வரைவதற்குப் பேனாவைவிடப் பென்சில்தான் நல்லது. மை பரவிவிட்டால் புள்ளி எங்கே இருக்கிறது என்பதிலேயே சந்தேகம் வந்துவிடும். நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தப் படத்தையும் முதலில் பென்சிலில்தான் வரைந்தேன். பாடப்புத்தகத்துக்காக அச்சகத்தார் பிறகு மைபோட்டு வரைந்துகொண்டார்கள். இத்தனை வருடம் கழித்துப் பல்கலைக்கழகம் உங்களை அனுப்பியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. உட்காருங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

அது 1974. கான்சாஸில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அரசு விடுதி அது. மூளை வளர்ச்சி இல்லாதவர்கள் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் இருந்த இடம். பெண்கள் கூடத்தில் நாற்பது பேர். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாற்றம். மூத்திரம், தரை கழுவும் மருந்து, டப்பாவிலிருந்து கொட்டி வேகவைத்த பீன்ஸ் எல்லாம் சேர்ந்து சட்டைக்குள் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போனதும் கார் கொட்டகையிலேயே உடுப்பைக் களைந்து போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். கூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொட்டதில்லை. அதைக் குற்றமாக யாரும் சொல்ல முடியாது.

ரொவீனா ப்ரூயிட்டுக்கு அப்போது பதினாறு வயது. பேச்சு வராது. வலது கை முஷ்டியால் நெற்றிப்பொட்டில் தன்னையே அடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கத்துக் காது சுருங்கி, எப்போதும் ஈரமாக, மஞ்சளாக எதையோ கசியவிட்டபடி இருக்கும். அடித்தால் பணிப்பெண்கள் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். விட்டுவிட்டுப் போனால் மறுபடி அடிப்பாள். இரண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். யாராவது கையைப் பிடிக்கவேண்டும் என்றுதான் அவள் அடித்துக்கொள்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவள் அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

எங்கள் நடத்தை ஆய்வு முறைக்கு நூறு நோயாளிகள் வேண்டாம். ஒருவர் போதும். முதலில் இருக்கிறபடி விட்டு எண்ணுவோம். பிறகு சிகிச்சை கொடுத்து எண்ணுவோம். பிறகு சிகிச்சையை எடுத்துவிடுவோம். பழைய தொல்லை திரும்பி வந்தால், மறுபடி சிகிச்சை கொடுத்து இறக்கிக் காட்டுவோம். பெரிய கணக்கெல்லாம் கிடையாது. தாளைத் தூக்கிப் பிடித்தால் படிக்கட்டுபோல மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான்.

சிகிச்சை எளிதானது. அவள் அடித்துக்கொள்ளாமல் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது, தலை சீவிவிடுவது. அதைச் செய்தவள் ஓர்லீன் டாக்கெட். ஐம்பது வயது, பருத்த உடம்பு, கூடத்துப் பணிப்பெண்களில் மூத்தவள்.

"கையப் புடிச்சுக்கணும்னு கண்டுபிடிக்க ஒரு டாக்டர் பட்டம் தேவப்பட்டுதா, டாக்டர் ஷ்ராக்?" என்றாள்.

"எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பிடிக்கணும்னு கண்டுபிடிக்கத் தேவைப்பட்டுது" என்றேன். அவள் சிரித்தாள். அப்போது என்னோடு சிரிப்பாள்.

மணிக்குத் தொண்ணூறு அடியாக இருந்தது ஒன்பதே நாளில் பூஜ்யமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தகப்பன், ஆர்லோ ப்ரூயிட், கோதுமை விவசாயி, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று அழுதார். "ஒம்போது வருஷமா எம்புள்ளயத் தொட்டதில்ல டாக்டர். இன்னிக்கு நானே தல சீவி விட்டேன்." வீட்டில் செய்த காட்டுப் பிளம் ஜாம் ஒரு புட்டி கொடுத்தார். மூடி பிசுபிசுவென்று இருந்தது. அவர் வண்டி வெளியே போனதும் குப்பையில் போட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். நிறுத்தியிருந்தால் அவளைக் குணமாக்கியது சிகிச்சைதான் என்று எப்படித் தெரியும்? வெயில் குறைந்ததாலும் இருக்கலாம், பல்வலி போனதாலும் இருக்கலாம். ஆகவே விதிப்படி சிகிச்சையை நிறுத்தினேன். அடித்தால் மட்டும் கையைப் பிடியுங்கள், மற்ற நேரம் அவள் பக்கமே பார்க்காதீர்கள் என்று சொன்னேன். தகப்பனை மூன்று வாரம் வரவேண்டாம் என்றேன்.

கோடு ஏறவில்லை. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

"பாத்தீங்களா, புள்ள நல்லாயிட்டா!" என்று ஓர்லீன் கூடத்தையே கூட்டிக் காட்டினாள். யாரோ ரொவீனாவுக்கு ரிப்பன் கட்டிவிட்டார்கள். நான் அன்று மாலை அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். தட்டையாகக் கிடந்த அந்தக் கோட்டைக் காட்டி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. இந்த முறையை வகுக்க நான் செலவிட்ட இரண்டு வருட உழைப்பு அதில் இருந்தது.

மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பக்கத்து நாற்காலியில் பெர்னீஸ் என்ற கிழவி. பல் இல்லை. வாயோரம் கஞ்சி வழிந்து கழுத்துவரை காய்ந்திருக்கும். இரண்டு நாற்காலிக் கைப்பிடிகளுக்கும் கீழே, யாருக்கும் தெரியாமல், அவள் ரொவீனாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மதியம்வரை. எச்சிலும் கஞ்சியும் ஒட்டிய அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆய்வுக்கு இடையூறு என்று ஒரு வரி எழுதி, அன்று பிற்பகலே பெர்னீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றினேன். மாற்றும் அதிகாரம் எனக்கு இருந்தது. அவள் முரண்டுபிடிக்கவில்லை. ரொவீனா மட்டும் காலியான நாற்காலியின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மணிக்கு முப்பத்தெட்டு அடி. அதற்கு மறுநாள் எழுபத்தொன்று. மூன்றாம் நாள் நூற்றிருபத்தாறு. அடி தாங்கும் தலைக்கவசம் எதுவும் அவளுக்குப் போடவில்லை. முதலில் எண்ணியபோதும் போடவில்லை. இரண்டு கட்டமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

நான்காம் நாள் ஓர்லீன் என் அறைக்கே வந்தாள். அவள் ஏப்ரனில் ரத்தம் இருந்தது.

"டாக்டர், ஒரு கண்ணு முழுக்க ரத்தம் கட்டிப்போச்சு. காதுலேர்ந்து சீழ் கழுத்துல வழியுது. போதும். அவ அடிச்சுக்கறதுக்கு முன்னாடியே நான் போயி கையப் புடிச்சுக்கறேன்."

"இன்னைக்கு எத்தனை?"

"என்னது?"

"எண்ணினீங்கதானே. எத்தனை?"

அவள் என்னையே பார்த்தாள். "நூத்தி நாப்பத்தி நாலு."

"கோடு இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு, ஓர்லீன். ஒரு மட்டத்துல நின்னாத்தான் செல்லும். இன்னும் ஒரு நாள்."

"முப்பது வருஷமா பீயும் மூத்திரமும் அள்ளுறேன். ஒரு நாளும் அருவருப்புப் பட்டதில்ல" என்றாள். "உங்களப் பாத்தா எனக்குக் கொமட்டுது." கையிலிருந்த எண்ணும் கருவியை என் மேசையிலிருந்த காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டுப் போனாள். போனவள் அன்று ரொவீனா அடிக்கும்முன்னே அவள் கையைப் பிடித்துவிடவில்லை. பிடித்தால் வேலை போகும், பிறகு அந்தப் பெண்ணுக்கு யாருமே இருக்கமாட்டார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்தை நான் அறிந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் நானே எண்ணினேன். முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை; சத்தம் கேட்டால் போதும். ஈரத்துணியைத் தரையில் அடிப்பதுபோன்ற சத்தம். நூற்று நாற்பத்து மூன்று. முந்தைய நாளோடு ஒரே மட்டம். அழகாக நின்றது.

அன்று மதியம் ரொவீனா சாப்பிட எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்தாள். மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு. நினைவு திரும்பாமலே இரண்டாம் நாள் இறந்துபோனாள். நெடுநாளாகத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதன் விளைவு என்று சான்றிதழில் எழுதினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஓர்லீன் அந்த வாரமே வேலையை விட்டாள். அவள் எழுதிய புகார் ஒன்று மேலே போயிருக்கவேண்டும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆர்லோ ப்ரூயிட் மகளின் துணிமணிகளை வாங்கிப்போக வந்தார். கடைசி நாட்களில் வராமல் இருந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "தொடறதுக்குக் கத்துக்குடுத்தீங்க டாக்டர்" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்திருந்தது. அவர் போகும்வரை பொறுத்திருந்து கழுவினேன்.

இப்போது நீங்கள் விரலை வைத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து ஒரே செங்குத்தாக இறங்கி, அப்புறம் ஆறு புள்ளிகள் பூஜ்யத்தில். மாணவர்களுக்குக் காட்டுவது இந்தச் சரிவைத்தான். இவ்வளவு தெளிவான சரிவு வேறு எந்தப் படத்திலும் இல்லை என்பார்கள். மேலே 'சிகிச்சை மீண்டும் தொடங்கியது' என்று எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்து. சிகிச்சை தொடங்கவில்லை. முதல் இரண்டு புள்ளிகள் அவள் நினைவில்லாமல் கிடந்த நாட்கள். மற்ற நான்கும் அவளைப் புதைப்பதற்குக் கொண்டுபோனதிலிருந்து போட்டவை. ஆனால் எண்ணிக்கை தப்பில்லை. அந்த ஆறு நாளும் அவள் ஒரு தடவைகூடத் தன்னை அடித்துக்கொள்ளவில்லை.

எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். படத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். நான் அந்தப் பெண்ணைக் குணப்படுத்தினேன் என்பதற்கு வேறு சாட்சி எதுவும் இல்லை.