சுவரைத் தொடாமல்

இந்த அறையில் மின்விசிறியை மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தாள்கள் பறக்காமலிருக்க நீங்கள் ஒரு கையைக் காவலுக்கு வைக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கதவுப் பக்கமாகத் தள்ளி மாட்டியிருக்கலாம். குறை சொல்லவில்லை. வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்பவன் நான். கண் தானாக அங்கே போகிறது.

"ஐடியா எல்லாம் எங்க சார் பிடிக்கிறீங்க?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பத்திரிகைகளில் என்று சொல்லிவைப்பேன். உண்மையைச் சொன்னால் வேலை கொடுக்க மாட்டார்கள். அழுக்கிலிருந்துதான் பிடிக்கிறேன். தலை சாய்ந்து சாய்ந்து சுவரில் படிந்த எண்ணெய்க் கறை. சுவிட்சைச் சுற்றிக் கறுத்துப்போன வட்டம். நாற்காலிக் கையில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்த இடம். ஒருவர் தன் உடம்பை எங்கே இறக்கிவைக்கிறார் என்பதை இவைதான் காட்டிக்கொடுக்கும். பணக்கார வீடுகளில் இவை இருக்காது. அதனால் அங்கே இருப்பவர்கள் சொந்த சோபாவிலேயே விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள்.

டைல்ஸ்காரர் கட்டியிருந்ததும் அப்படிப்பட்ட வீடுதான். சொந்தமாக டைல்ஸ் கடை வைத்திருப்பவர் என்பதால் கூரை ஒன்றுதான் தப்பித்திருந்தது. மாடியில் ஒரு பகுதியை மட்டும் தொடாமல் விட்டுவைத்திருந்தார். அது அவருடைய அக்காவுக்கு.

"அக்கா எனக்கு அம்மா மாதிரி சார். அவங்க இங்க வந்து காலை நீட்டி உக்காரணும். 'என் வீடு மாதிரியே இருக்குடா'ன்னு அவங்க வாயால சொல்லணும். எனக்கு அது போதும்."

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கண் நரம்பு பழுதாகி, வெளிச்சம் எது நிழல் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இருந்தும் தனியாகத்தான் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய் நான் அளவு நாடாவை இழுத்த சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்ன தம்பி, வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"உங்களுக்கு எப்படி இருந்தா வசதின்னு பாக்க வந்தேன்க்கா."

"இப்படி இருந்தாத்தான் வசதி. பாத்துட்டீங்கல்ல? டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் டீ போட்டதை நான் பார்த்தேன். என் தொழிலில் அதற்கு இணையாக ஒன்றைப் பார்த்ததில்லை. கை கீழே இறங்கியது, அங்கே டம்ளர் இருந்தது. பக்கவாட்டில் போனது, அங்கே சர்க்கரை டப்பா இருந்தது. டம்ளருடன் திரும்பி வந்து, பின்னால் கையை விட்டுத் துழாவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து நேரே நடந்தால் பின்கதவு. அதைத் தாண்டினால் முற்றம், துணிக்கொடி. ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு கையை வீசி நடந்து போய்க் காயப்போட்டுவிட்டு வந்தார். எந்த இடத்திலும் சுவரைத் தொடவில்லை. கண் தெரிகிற நான்தான் முக்காலியில் இடித்துக்கொண்டேன்.

இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

மாடியில் அந்த வீட்டை அப்படியே எழுப்பினேன். அதே நீளம், அதே அகலம், அடுப்பு மேடைக்கு அதே உயரம். பின்கதவு இருந்த திசையிலேயே ஒரு கதவு. முற்றத்துக்குப் பதிலாக அங்கே ஒரு பால்கனி. நாற்காலியும் முக்காலியும் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. டைல்ஸ்காரர் பார்த்துக் கண் கலங்கினார். கையோடு போய் அக்காவைக் கூப்பிட்டார்.

"உன் வீட்ல நான் சுவத்தைத் தடவித் தடவி நடக்கணும்டா," என்றார் அக்கா. "இங்க நான் ராணி. போடா, போய்க் கடையைப் பாரு."

டைல்ஸ்காரர் சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் இல்லாத அறை அறையே இல்லை, வெறும் சாமான் கிடங்கு. என் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை பூட்டிக் கிடந்தது.

அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது முக்காலியை நான்கு விரல் அகலம் நகர்த்திவைத்தேன். அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை, எதையும் எடுத்து வரவில்லை. அதற்கடுத்த முறை சர்க்கரை டப்பா. பிறகு நாற்காலி. ஒரு அளவு விட்டுப்போயிற்று என்று சொன்னால் எப்போதும் கதவைத் திறப்பார். என்னைப் பிடித்துப்போயிருந்தது அவருக்கு.

முதலில் அவரே கேலி செய்துகொண்டார். "நான் பெருத்துட்டேனா, நாற்காலி இளைச்சுப்போச்சா? உக்காந்தா பாதிதான் கிடைக்குது." அடுப்பு மேடையில் கெட்டிலை நகர்த்திய பிறகு கேலி நின்றது. வெந்நீர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. நான்தான் மருந்து தடவினேன்.

"வீடு என்னை விட்டு நகர்ந்து போற மாதிரி இருக்கு தம்பி. எனக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று கேட்டார். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. உடனே என்னை மூட்டை கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவான்."

அன்று மாலையே டைல்ஸ்காரரிடம் சொன்னேன். பார்வையில்லாத ஒரு பெண் தன் சொந்த அடுப்படியில் சுட்டுக்கொள்கிறார். அதைத் தம்பியிடம் மறைப்பது பொறுப்பான செயல் அல்ல.

இந்த முறை அக்கா வாதாடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய சாமான்கள் ஒன்றுவிடாமல் மாடிக்கு வந்தன. எல்லாவற்றையும் பழைய இடத்தில், நான் நகர்த்துவதற்கு முன்பு இருந்த இடத்தில், விரல் பிசகாமல் வைத்தேன். துழாவாமல் கை நீட்டினால் சர்க்கரை டப்பா கிடைக்கும்.

ஆனால் அவர் துழாவினார். ஒரு கையை எப்போதும் சுவரில் வைத்துக்கொண்டே நடந்தார். நாற்காலியைத் தடவிப் பார்த்து, தடவியதை நம்பாமல் மறுபடி தடவி, நுனியில் உட்கார்ந்தார். என் அறையில், நுனியில். புதுப் பெயிண்டில் அவர் விரல் போன வழியெல்லாம் கோடு விழுந்தது. அது நான் சொன்ன அழுக்கு அல்ல. பயத்தின் அழுக்கு.

"எல்லாம் அதே இடத்துலதான் இருக்குக்கா. கையை எடுங்க. நம்பி நடங்க," என்று தினமும் சொன்னேன். ஒரு குழந்தைக்கு நடை பழக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னேன். மெல்ல மெல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒருநாள் டம்ளரைத் துழாவாமல் எடுத்துவிட்டு, "அட, இருக்கே!" என்று சிரித்தார்.

இதற்கு நடுவில் பால்கனித் தடுப்புக் கம்பியின் நிறம் எனக்குச் சரிப்படவில்லை. கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். கதவுக்குத் தாழ் போட்டிருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி சுவரைப் பிடித்திருப்பார். பட்ட பாடெல்லாம் வீண்.

அன்று காலை அறைக்குள் இருட்டாக இருந்தது. வெளிச்சத்துக்காக நான்தான் தாழை நீக்கிக் கதவைத் திறந்துவைத்தேன். அக்கா முகம் கழுவிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நுனியில் அல்ல. முதுகு முழுவதும் சாய்ந்து, கால் நீட்டி. மடியில் ஈரத் துண்டு. கதவு வழியாக வெயில் முகத்தில் விழுந்தது.

"வெயில் வந்துடுச்சா தம்பி? இருங்க, துண்டைப் போட்டுட்டு வந்து டீ போடறேன்," என்றார்.

எழுந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. கையை வீசி நடந்தார்.

நீங்கள் கேட்பதைத்தான் டைல்ஸ்காரரும் தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பக்கத்துலதானே நின்னீங்க? ஒரு குரல் குடுத்திருக்கலாமே சார்?" கொடுத்திருக்கலாம். தாராளமாக நேரம் இருந்தது. ஓடிப் பிடித்திருக்கவும் முடியும். கம்பி இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தற்செயல் என்று எழுதி எனக்குச் சலுகை காட்ட வேண்டாம். குரல் கொடுத்தால் நிற்பார், நின்றால் கை சுவருக்குப் போகும், அதன் பிறகு அவர் ஒருபோதும் அப்படி நடக்க மாட்டார் என்று யோசித்தேன். யோசித்துத்தான் சும்மா நின்றேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே, கடைசி அடி வைக்கும்வரை அக்கா தன் சொந்த வீட்டில்தான் இருந்தார் என்பதையும் எழுதுங்கள். அவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.