இரண்டு நூல் இறங்கிய வாய்

சமையலைவிட எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைவது சுலபம், டாக்டர். ஆறிப்போகுமே என்ற கவலை இல்லை. அன்றைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மறுபடி கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

காக்ஸ் டவுனில் ஐரின் மிஸ்ஸிடம் ஒரு வருஷமாகக் கற்றுக்கொள்கிறேன். ஆறு படம் வரைந்தேன். ஆறிலும் என் வீட்டுக்காரர்தான். வேறு யார் சும்மா வந்து உட்காருவார்கள்? முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல்களில் குறை கண்டவர். ரிட்டயரான பிறகு ஃபைலுக்குப் பதில் நான் கிடைத்தேன். "நிருபமா, இது மூக்கா, மத்தூர் வடையா?" என்பார். ஒருநாள், "சந்திரம்மா, இல்லி பா, இது யாருன்னு சொல்லு," என்று கன்னடமும் தமிழும் கலந்து வேலைக்காரியைக் கூப்பிட்டார்.

"உங்க மாமனாரா சார்?"

அன்று முழுக்கச் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் அசையாமலும் இருக்கமாட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஏழாவது படம். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி தூரிகையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி முகத்தை அளப்பேன். பத்து இருபதுக்கு அவர் வாயின் இடது ஓரம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. மறுபடி அளந்தேன். இரண்டு நூல். அவர் மடியில் இருந்த கை சரிந்து தொங்கியது.

"நிரு... கை... ஒரு மாதிரி..."

"பேசாதீங்கோ, வாய் கலையறது," என்றேன்.

எனக்குத் தெரியும், டாக்டர். பக்கவாதத்தின் அடையாளங்கள் என்று அபார்ட்மென்ட் முகாமில் கொடுத்த நோட்டீஸை ஃபிரிட்ஜில் ஒட்டியதே நான்தான். ஆனால் அந்த முகத்தில் முதல் முறையாக நையாண்டி இல்லை. அதை விட்டுவிட மனசு வரவில்லை.

கன்னம், தாடை, கழுத்து நிழல் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. வாயை மட்டும் நேராக வரைந்தேன். மூன்று மணிக்குத் தூரிகைகளை டர்பன்டைனில் கழுவி வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தூங்கி எழுந்து பார்த்தபோது இப்படி இருந்தார் என்று உங்களிடம் சொன்னது பொய். நேரத்தோடு வந்திருந்தால் ஊசி போட்டுக் கை காலையும் பேச்சையும் காப்பாற்றியிருக்கலாமே என்று நீங்கள்கூட வருத்தப்பட்டீர்கள், பாவம்.

படம் பிரமாதம் என்று மிஸ் சொன்னார். நேற்று எட்டாவதைத் தொடங்கினேன். இப்போது அவர் அசைவதில்லை, குறையும் சொல்வதில்லை. கண்ணில்தான் அடிக்கடி நீர் வழிகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் துடைத்துவிட்டுத்தான் வரைகிறேன். இவ்வளவு பொறுமை வேறு எந்தப் பெண்டாட்டிக்கு வரும், நீங்களே சொல்லுங்கள்.