சமையற்காரர் பங்குக் கொழுப்பு

முதலில் அறிய வேண்டியது ஒன்று. லிங்கன் சீமையில் அந்தப் பிரபுவின் மாளிகையில், குளிர்காலத்துக்கு முன் ஆடுமாடுகளை அறுத்து உருக்கும் 'ஸ்மேர்' முழுவதும் தலைமைச் சமையற்காரருக்கே உரியது என்பது பழைய வழக்கம். ஸ்மேர் என்பது கொழுப்புக்கு ஊரார் சொல்லும் ஆங்கிலச் சொல். நாட்டை வென்று ஆண்ட, பிரெஞ்சு பேசும் மேல்தட்டினர் அதையே 'கிரேஸ்' என்பர். சமையற்காரர் ஆஸ்பர்ட்டின் பங்கை வாங்கி மெழுகுவத்தி வார்ப்பவள் குன்னில்டு. இவ்வாண்டும் அவள் வாளியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"...வாளிய கீழ வையி, கை கடுக்கும். கொழுப்பா? அத மட்டும் கேக்காத. புதுக் காரியஸ்தன் டுராண்ட் இருக்கானே, மூக்கால பேசுறவன்... அவன் புடுங்கிட்டான். மாட்ட அறுத்தது நான், கொப்பரை முன்னால நின்னு வெந்தது நான். பூட்டுப் போட்டது அவன். அடுக்களைல பூட்டு எங்கயாச்சும் உண்டா? உப்புக்குக்கூட நான் பூட்டினதில்ல. சரி, உப்புக்குப் பூட்டினேன். அது வேற.

ஏன்னு கேக்குறியா... நான் அடுக்களைய ஒரு தரமா வச்சிருந்தேன், அது அவனுக்குப் பொறுக்கல. சீமாட்டி வாயில வர்ற சொல்லுதான் என் ஆளுங்க வாயிலயும் வரணும். எவனாச்சும் ஸ்மேர்னு சொன்னா முதுகுல கரண்டியால ஒண்ணு. மாட்டுக்காரப் பேச்சு அது... உன்னச் சொல்லல தாயி, நீ பாட்டுக்குச் சொல்லு.

எங்க விட்டேன்... ஆங், கூடத்துல. எல்லார் முன்னாலயும் பூன மாதிரி கேக்குறான், 'ஆஸ்பர்ட், சத்தியமா சொல்லும், உம்ம அடுக்களைல ஸ்மேர் எவ்வளவு இருக்கு?' சீமாட்டி வேற பாத்துட்டிருக்காங்க. நான் நெஞ்ச நிமித்தி, 'அந்தச் சமாசாரமே என் அடுக்களைல கெடையாதுங்க, வெறும் கிரேஸ்தான்'னேன். சீமாட்டி சிரிச்சாங்க. எவ்வளவு அழகாச் சிரிச்சாங்க தெரியுமா... அவனும் சிரிச்சான். அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். 'கிரேஸ் உமக்குன்னு வழக்கம் எதுவும் இல்லையே'ங்கறான். இது ஏமாத்து வேலையா இல்லையா, நீயே நியாயத்தச் சொல்லு... குன்னில்டு?"

ஆஸ்பர்ட் எட்டிப் பார்த்தார். முற்றத்துக்கு அப்பால், வாளியும் கையுமாகக் காரியஸ்தரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

பின்னர் முடிவானவை இவை. கொழுப்பு பிரபுவுக்கே என்றாயிற்று. அதைக் குன்னில்டுக்கு விற்கும் பொறுப்பு டுராண்டுக்கு வந்தது. காலப்போக்கில் ஆங்கிலத்தில் கொழுப்புக்குக் கிரேஸ், இன்றைய 'கிரீஸ்', நிலைத்தது. ஸ்மேர், பூசுவதைக் குறிக்கும் இன்றைய 'ஸ்மியர்' என்ற வினையாக ஒதுங்கிக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் அடுக்களைக்கு வேண்டிய மெழுகுவத்திகளை ஆஸ்பர்ட் குன்னில்டிடம் காசு கொடுத்து வாங்கினார். எதில் வார்த்தவை என்று அவர் கேட்கவில்லை.