பிறை விட்ட சிவப்பு

நித்தியா: கைய நீட்டச் சொன்னா இப்படியா அத்தை நீட்டுவீங்க? விறைப்பா, வெரலையெல்லாம் விரிச்சுக்கிட்டு... போலீஸ்ல சரணடையற மாதிரி!

புஷ்பவள்ளி: பழக்கம் புள்ள. இத்தனை வருசமா காலையில பிஸ்கட் கம்பெனி வாசல்ல இப்படித்தான நீட்டுறேன். நகத்துல துளி அழுக்கு இருந்தாலும் அந்த சூப்பர்வைசரம்மா உள்ள விடமாட்டா.

நித்தியா: இன்னிக்கு சனிக்கிழமை. இது நம்ம வீட்டு ஹால். நான் உங்க மருமக, சூப்பர்வைசர் இல்ல. கொஞ்சம் தளர விடுங்க... அலாமாக், அய்யய்யோ! எங்க அத்தை நகம்?

புஷ்பவள்ளி: வெட்டிட்டேன்.

நித்தியா: எப்ப?

புஷ்பவள்ளி: நேத்து.

நித்தியா: வெள்ளிக்கிழமை! நான் வெட்டினா மட்டும் வீட்டுல லெட்சுமி தங்கமாட்டான்னு ஊரையே கூட்டுவீங்க!

புஷ்பவள்ளி: உன்னோடது வீட்டு நகம். என்னோடது கம்பெனி நகம். அதுக்கு செவ்வா, வெள்ளியெல்லாம் கெடையாது.

நித்தியா: தலபாடா அடிச்சுக்கிட்டேனே... ஆனுவல் டின்னருக்கு 'பழைய காலம்'தான் தீம், நகத்தை வளத்து வைங்க, அம்பதுகள்ல போட்ட மாதிரி போட்டு விடறேன்னு. பாதாம் பருப்பு மாதிரி கூரா இழைக்கணும் அத்தை! இதுல என்னத்தை இழைக்கிறது? எலும்பையா?

புஷ்பவள்ளி: அப்ப விட்டுரு. வெறும் கையோடயே போறேன்.

நித்தியா: ஓடப் பாக்காதீங்க. உக்காருங்க. குட்டை நகத்துக்கும் வழி இருக்கு. இங்க அடியில வெளுப்பா, பிறை மாதிரி தெரியுதில்ல? அந்தக் காலத்துப் பொம்பளைங்க அதுல மட்டும் சாயம் படாம விட்டுருவாங்க. ரெண்டு ஓரத்துலயும் நூல் அளவு விட்டா நகம் நீளமாத் தெரியும்.

புஷ்பவள்ளி: அய்யே... இதென்ன மூக்குல ஏறுது? நகத்தை ஊறுகா போடப் போறியா?

நித்தியா: வினிகர். எண்ணெய்ப் பசை போனாத்தான் சாயம் புடிக்கும். உங்க வெரல்ல இருக்கிற வெண்ணெய் வாசம் போகவே நாலு பஞ்சு வேணும் போல.

புஷ்பவள்ளி: அது போகாது. நானும் சோப்புப் போட்டுப் பாத்துட்டேன்... இது என்ன, வெள்ளை வெள்ளையா வளையம்?

நித்தியா: ஃபைல்ல பேப்பர் ஓட்டை கிழியாம இருக்க ஒட்டுவாங்களே, அது. ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன். நகத்தடியில பாதி வட்டம் வர்ற மாதிரி ஒட்டணும். மேல பூசிட்டு உரிச்சா, வரைஞ்சு வச்ச மாதிரி பிறை நிக்கும்.

புஷ்பவள்ளி: ஆபீஸ்ல கிளார்க்கு, கிராணி வேலை பாக்குறவ மூளையே மூளை.

நித்தியா: புகழ்ந்தது போதும், ஆடாதீங்க. அடிப்பூச்சு காஞ்சிருச்சு, வளையமும் ஒட்டியாச்சு. இப்ப பாருங்க... நல்ல ரத்தச் சிவப்பு!

புஷ்பவள்ளி: வேணாம்!

நித்தியா: என்ன வேணாம்?

புஷ்பவள்ளி: செவப்பு மட்டும் வேணாம். ரோஸ் இருந்தா போடு. இல்லன்னா அந்தத் தண்ணி மாதிரி இருக்குமே, அதைப் போடு.

நித்தியா: அத்தை, அந்தக் காலத்து நகம்னாலே செவப்புத்தான். தண்ணிக் கலர் போட்டுக்கிட்டுப் போனா, கையக் கழுவிட்டு வந்திருக்காங்கன்னு நெனைப்பாங்க.

புஷ்பவள்ளி: நெனைக்கட்டும்.

நித்தியா: யாருக்குப் பயப்படுறீங்க? உங்க செக்‌ஷன் தங்கமணிக்கா?

புஷ்பவள்ளி: அவளுக்கு எதுக்குப் பயப்படணும்? அவளே இன்னிக்கு உதட்டுல ஒரு குப்பியக் கவுத்துக்கிட்டு வருவா.

நித்தியா: அப்ப... மாமா இல்லைங்கறதுக்காகவா? அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

புஷ்பவள்ளி: போடி. உங்க மாமா கார்த்திகேசு கண்ண மூடின வருசமே செவப்புச் சேலை கட்டி வேலைக்குப் போனவ நான். வாயத் தொறந்தவளையெல்லாம் ஒரே மொறைப்புல ஓட விட்டேன். இது வேற.

நித்தியா: வேறன்னா?

புஷ்பவள்ளி: வேறன்னா... வேறதான்.

நித்தியா: கைய ஏன் இழுத்துக்கறீங்க அத்தை? சொல்லுங்க.

புஷ்பவள்ளி: சொன்னா உம் புருசன் ரவிகிட்டப் போய் ஓதக்கூடாது.

நித்தியா: நான் ஏன் ஓதுறேன்?

புஷ்பவள்ளி: அவன் அந்த ரூம்லதான் தூங்குறான். மெதுவாப் பேசு.

நித்தியா: நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்த மனுசன், இடி விழுந்தாலும் எழுந்திரிக்கமாட்டாரு. சொல்லுங்க.

புஷ்பவள்ளி: போன மாசம் கம்பெனி ஃபேமிலி டேக்கு கம்போங் குவாந்தான் போனோமில்ல, மின்மினி பாக்க...

நித்தியா: நீங்க போனீங்க. எங்களைக் கூப்பிடவே இல்ல.

புஷ்பவள்ளி: குறுக்கப் பேசாத. படகுல ஓரமா உக்காந்தேன். பக்கத்துல ஒரு ஆளு. யாரும் பேசக்கூடாது, போன் வெளிச்சம் காட்டக்கூடாதுன்னு படகுக்காரன் சொல்லிட்டான். எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு மரத்தைப் பாக்குறாங்க. இந்த ஆளு மட்டும் எங்காதுகிட்ட குசுகுசுன்னு...

நித்தியா: நடராஜா அங்கிள் என்ன சொன்னாரு?

புஷ்பவள்ளி: நான் பேரே சொல்லலையே!

நித்தியா: கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வந்து, உங்களுக்கு மட்டும் ரெண்டு ஹாரன் அடிக்கிறாரு. செரண்டா ஜங்ஷன்ல படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காம சொல்லுங்க.

புஷ்பவள்ளி: 'ரெண்டு பேரும் தனியாத்தான் கெடக்கோம். மிச்ச காலத்துக்கு ஒண்ணா இருக்கலாமா புஷ்பா'ன்னு... கேட்டாரு.

நித்தியா: அடடா! நீங்க என்ன சொன்னீங்க?

புஷ்பவள்ளி: அதான் பேசக்கூடாதுன்னானே படகுக்காரன்!

நித்தியா: அய்யோ அத்தை... எறங்கின பிறகாவது?

புஷ்பவள்ளி: எறங்கினதும் ஓடிப் போய் பஸ்ல கடைசி சீட்டைப் புடிச்சுட்டேன். அவருதான வண்டி ஓட்டணும்? பின்னால எப்படி வருவாரு?

நித்தியா: நல்லா இருக்கு உங்க கூத்து! அதுக்கப்புறம் அவரும் விட்டுட்டாரா?

புஷ்பவள்ளி: திங்கக்கிழமை பஸ்ஸை விட்டு எறங்கும்போது சொன்னாரு. 'வாயால சொல்றது சங்கடமா இருந்தா வேணாம். சம்மதம்னா டின்னருக்கு நகத்துல செவப்புப் பூசிட்டு வாங்க, புரிஞ்சுக்கறேன். வெறும் நகத்தோட வந்தீங்கன்னா வழக்கம்போல ரெண்டு ஹாரன் அடிப்பேன். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்'னு.

நித்தியா: நகத்தைப் போய் எதுக்குப் புடிச்சாரு?

புஷ்பவள்ளி: தின்னுற பொருள் செய்யிற எடத்துல நகச்சாயம் ஆகாதுல்ல. எங்கைல இதுவரைக்கும் சாயத்தைப் பாத்தவங்க யாருமில்ல. தற்செயலாப் போட்டுட்டேன்னு நான் தப்பிக்க முடியாதாம்.

நித்தியா: பலே ஆளு! ஓ... அதான் ரோஸ் கேட்டீங்களா? ஆமான்னும் இல்லாம, இல்லைன்னும் இல்லாம!

புஷ்பவள்ளி: ரோஸைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலை.

நித்தியா: சரி, நேரா கேக்குறேன். உங்களுக்கு அவரைப் புடிச்சிருக்கா?

புஷ்பவள்ளி: மீசைக்கு டை அடிக்கிறாரு.

நித்தியா: அது பதில் இல்ல.

புஷ்பவள்ளி: கறிபாப் பலகாரம் வாங்கினா பிச்சுக் குடுப்பாரு. கெழங்கு நெறைய இருக்கிற பாதி எனக்கு.

நித்தியா: அத்தை!

புஷ்பவள்ளி: புடிச்சிருக்குடி! போதுமா? நான் வேலை முடிஞ்சு வந்தா ரவி கெளம்பிருவான். நீ வர எட்டாயிரும். டிவியப் பாத்துக்கிட்டு ஒத்தையில சாப்பிடுறேன். கொழம்புல உப்பு கம்மின்னா டிவி சொல்லுமா? அலுத்துப் போச்சு புள்ள. உங்களைக் கொறை சொல்லலை. ஆனா எனக்குன்னு எதுத்தாப்புல உக்கார ஒரு ஆளு வேணும்னு இருக்கு.

நித்தியா: ...அப்ப செவப்புத்தான். வெரலைக் குடுங்க.

புஷ்பவள்ளி: ரவி?

நித்தியா: அவருக்கென்ன?

புஷ்பவள்ளி: உனக்குத் தெரியாதா? கெர்லிங்ல நம்ம சொந்தக்காரங்க கல்யாணத்துல என் தம்பி குமரவேலு, 'அக்காவுக்கு ஒரு எடம் பாக்கட்டுமா'ன்னு பந்தியில வச்சுக் கேட்டான். எலையில பாயசம் ஊத்தறாங்க, ரவி பாதியில எழுந்து போனான். அந்த மூஞ்சிய நான் பாத்தேன். இன்னொரு தடவை அவன் மூஞ்சி அப்படி ஆகறதுக்கு நான் காரணமா இருக்கமாட்டேன். ஒத்தப் புள்ள எனக்கு.

நித்தியா: எதுக்கு எழுந்தாருன்னு கேட்டீங்களா?

புஷ்பவள்ளி: கேட்டாத்தான் தெரியுமா? பெத்தவ நானு.

நித்தியா: பெத்தவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டா... சரி விடுங்க. ஒண்ணு செய்வோம். பூசிப் பாப்போம். மனசு ஒப்பலைன்னா ரிமூவர் இருக்கு, தொடச்சு விட்டுடறேன். பூசறதால என்ன கொறைஞ்சிரப் போகுது?

புஷ்பவள்ளி: தொடச்சிருவியா?

நித்தியா: இந்தா, குப்பி கண்ணு முன்னால இருக்குல்ல? ம்... மூச்சை விடுங்க அத்தை, நகத்துக்குத்தான் பூசறேன். மெல்லிசா ரெண்டு தடவை. ஒரேடியா அப்பினா காயாது... அந்தக் கையி... இப்ப வளையத்தை உரிக்கலாம். மெதுவா... மெதுவா... பாருங்க!

புஷ்பவள்ளி: ஏ யாத்தா!

நித்தியா: எப்படி?

புஷ்பவள்ளி: இது எங்கையா? அடியில ஒவ்வொண்ணுலயும் பிறை... வெட்டின நகம்னே தெரியலையே! எஸ்டேட்டுல நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப தொரை வீட்டம்மா காருல போவாங்க, கை மட்டும் சன்னல்ல தெரியும். அந்த மாதிரி இருக்குடி.

நித்தியா: அந்தம்மாவுக்கு உங்க வெரல் அழகு வராது.

புஷ்பவள்ளி: சும்மா சொல்லாத... இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன். அப்புறம் தொடச்சிரு.

நித்தியா: நெசமாவா?

புஷ்பவள்ளி: ஆசை இருக்கு தாசில் பண்ண... எனக்கு எதுக்கு இதெல்லாம்? தொடச்சிரு புள்ள.

நித்தியா: ஷ்... ரூம் கதவு. உங்க மகன் எழுந்துட்டாரு.

புஷ்பவள்ளி: அய்யய்யோ! ரிமூவர எடு, எடு!

நித்தியா: அது... காலி அத்தை.

புஷ்பவள்ளி: இருக்குன்னியே!

நித்தியா: குப்பி இருக்கு. உள்ளதான் ஒண்ணுமில்ல.

புஷ்பவள்ளி: அடிப்பாவி!

நித்தியா: தலகாணிக்கு அடியில வைக்காதீங்க, ஈரம்! இந்த ஐஸ் தண்ணிச் சட்டிக்குள்ள விடுங்க, சீக்கிரம் காயும்.

ரவீந்திரன்: ம்மா, இன்னும் கெளம்பலையா? ரவாங் ரோட்டுல ஜாம் புடிச்சிரும்... என்ன, சட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு?

புஷ்பவள்ளி: அரிசி களையறேன்.

ரவீந்திரன்: அரிசியவே காணோமே. ஐஸ் கட்டிதான மெதக்குது?

நித்தியா: அத்தைக்குக் கை காந்துச்சாம்.

ரவீந்திரன்: நீ ஏன் சிரிக்கிற?... சரிம்மா, சேலையக் கட்டிட்டு வா. நானே கொண்டு போய் விடறேன்.

புஷ்பவள்ளி: வேணாம்ப்பா. நான் போகலை.

ரவீந்திரன்: ஏன்?

புஷ்பவள்ளி: தலைவலி.

ரவீந்திரன்: இப்பதான் கை காந்துச்சு?

புஷ்பவள்ளி: ரெண்டுந்தான்.

ரவீந்திரன்: ம்மா?

புஷ்பவள்ளி: ரவி, உக்காரு. கெர்லிங்ல பந்தியில இருந்து எழுந்து போன மாதிரி போயிராத. முழுசாக் கேட்டுட்டுப் போ... இந்தா பாரு.

ரவீந்திரன்: அட, நகத்துல! நல்லா இருக்கும்மா.

புஷ்பவள்ளி: நல்லா இருக்கான்னு கேக்கலை. கம்பெனி பஸ் ஓட்டுற நடராஜா என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டிருக்காரு. இந்தச் செவப்போட நான் போய் நின்னா சம்மதம்னு அர்த்தம். தொடச்சிரலாம்னுதான் இருந்தேன். ஒளிச்சு வச்சுக்கிட்டு நிக்கும்போது எனக்கே கேவலமா இருந்துச்சு. என்ன திருடினேன் நானு? கோவம் வந்தா திட்டிக்க, ரவி. நாலு நாள் பேசாமக்கூட இரு. ஆனா தொடைக்கச் சொல்லாத. நான் போறேன்.

நித்தியா: அத்தை...

புஷ்பவள்ளி: நீ சும்மா இரு. அவன் பேசட்டும்.

ரவீந்திரன்: கெர்லிங்ல எனக்கு உம்மேலயாம்மா கோவம்? குமரவேலு மாமா, வீட்டுல எடத்தை அடைக்குற பழைய சோபாவை யாருகிட்டயாவது தள்ளி விடற மாதிரி பேசினாரு. எனக்குச் சோறு எறங்கலை. அதான் எழுந்துட்டேன்.

புஷ்பவள்ளி: அப்ப... உனக்கு இதுல சம்மதமாப்பா?

ரவீந்திரன்: என்னையவே ஏம்மா எல்லாரும் கேக்குறீங்க?

புஷ்பவள்ளி: எல்லாருமா? வேற யாரு கேட்டா?

நித்தியா: சொல்லிருங்க. எனக்கு வயிறு வெடிச்சிரும் போல இருக்கு.

ரவீந்திரன்: நீங்க மின்மினி பாக்கப் போறதுக்கு முந்தின வாரம், நீ வேலையில இருந்தப்ப, அவரு சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு வெத்தலை பாக்கு, பழத்தட்டோட இங்க வந்தாரும்மா. 'மொறையாக் கேக்கறேன் தம்பி, அம்மாவை எனக்குக் குடுப்பீங்களா'ன்னாரு. நான் தட்டைத் தொடலை... 'எங்கம்மாவைக் குடுக்க நான் யாரு அங்கிள், அவங்ககிட்டயே கேளுங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.