வளரச் சொல்லும் மருந்து

— கட்டின பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லுங்க. டாக்டர் ரூமுக்குள்ள தனியா போய் என்ன பேசினீங்க?

— என்னத்தப் பேச, டெய்லரம்மா? அந்த மருந்து வேண்டாம், இடுப்பெலும்பைக் கொஞ்சம் எடுத்து கால்ல வச்சுக்கலாம்னு அவரே சொல்லிட்டாரு.

— நேத்து ரவுண்ட்ஸ் வந்தப்ப வேற சொன்னாரே! ‘உடைஞ்ச இடத்துல ஒரு புரோட்டீன் வைக்கிறோம்மா, சுத்தியிருக்கிற செல்லையெல்லாம் கூப்பிட்டு எலும்பா வளருன்னு அது சொல்லும்’னார். ஸ்பாஞ்சுல நனைச்சு வைக்கிறதைக் கையால காட்டினாரு. நான் என்ன கனவா கண்டேன்?

— மாத்திச் சொல்லக் கூடாதா?

— பக்கத்து பெட் பெயின்டருக்கு அதைத்தானே வச்சாங்க? ஒட்டவே ஒட்டாதுன்ன காலு. இப்ப வாக்கரைத் தள்ளிக்கிட்டு வராண்டா பூரா சுத்துறாரு. உங்களுக்கு மட்டும் ஏன் இல்ல? வேண்டப்பட்டவங்க யாருக்காச்சும் எடுத்து வச்சுட்டாங்களா?

— ச்சே, மெல்லப் பேசு. அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்ல.

— அப்ப நீங்கதான் என்னமோ செஞ்சிருக்கீங்க. லாரி கவுந்ததுலேர்ந்து ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுது உங்களுக்கு. கால் சேராம இருந்தா ஸ்டியரிங் பக்கமே போக வேண்டாம்னு கணக்குப் போட்டீங்களா?

— லூசு மாதிரி பேசாத! கால்ல இரும்புக் கம்பியைக் குத்திக்கிட்டு இப்படிக் கெடக்க எனக்கென்ன ஆசையா?

— என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. ஜன்னல்ல என்ன பார்வை?

— வெயில் கண்ணுல அடிக்குது. அந்த ஸ்கிரீனை இழுத்து விடு.

— சரி, நீங்க சொல்ல மாட்டீங்க. நானே போய் அவரை நாலு கேள்வி கேக்குறேன்.

— நில்லு. போகாத.

— கைய விடுங்க.

— உன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்றேன்னுதான் அவரும் சொன்னாரு. நான்தான், வேண்டாம் சார், நானே சொல்லிக்கிறேன்னேன். வந்ததுலேர்ந்து வாய் வரல.

— என்னத்தைச் சொல்றதுக்கு?

— விலாப்பக்கம் வலிக்குதுன்னு ஸ்கேன் எடுத்தாங்கல்ல?

— அடிபட்ட வலிதானே அது? அதுக்கும் கால் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

— வளருன்னு சொல்ற மருந்தாச்சே. எலும்புகிட்ட மட்டும்தான் சொல்லும்னு அவரால உறுதி கொடுக்க முடியலையாம்.

— வேற எதுகிட்டங்க போய்ச் சொல்லும்?

— கிட்னியில கட்டி இருக்கும்மா. நல்ல கட்டி இல்லையாம்.