முப்பத்தேழு விண்ணப்பங்களும் என் ஒரு பட்டமும்

பெருமைக்கும் பொறுமைக்கும் உரிய அவைத்தலைவர், நம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அம்மா அவர்களே! அவர் அருகில் அமர்ந்து அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதிவாளர் ஐயா அவர்களே! எங்களைப் போன்ற வயது முதிர்ந்த வாண்டுகளை வழிக்குக் கொண்டுவந்த பேராசிரியப் பெருமக்களே! பாதியில் விட்ட படிப்பைப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்துப் பாய்ந்து பிடித்த புதிய பட்டதாரிகளே! அவர்கள் படித்தபோது அடுப்பைப் பார்த்துக்கொண்ட கணவன்மார்களே! "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் தேநீரும் போட்டுக் கொடுத்த மாமியார்களே! பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் குடியிருக்கும் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

என் முகம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாலாம் நம்பர் கவுன்ட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நான். எனக்குக் கால்கள் இருக்கின்றன என்பதே இன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'நாளைக்கு வா'. அதோ, அங்கே சிரிக்கிறார்கள்! சிரியுங்கள், சிரியுங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

இன்றைக்குப் பட்டம் பெற்றவர்கள் சார்பாக ஐந்து நிமிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். என்ன பேசப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன். பதிவாளர் ஐயா கையில் இருக்கிறதே, அதுதான். ஐயா, அதைத் தேடாதீர்கள். நான் பேசப் போவது அதில் இல்லை.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நான் இதே பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. இரண்டே இரண்டு தாள்கள் பாக்கி. புள்ளியியல் தேர்வு காலை பத்து மணிக்கு. என் மகள் பிறந்தது ஒன்பது ஐம்பதுக்கு. தேர்வு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட வேண்டும் என்ற விதியை அன்றைக்கு அவள் மட்டும்தான் கடைப்பிடித்தாள்! அதன் பிறகு பால் புட்டி, பள்ளிக்கூடம், தையல்காரக் கணவர், வேலை. படிப்பு அப்படியே பாதியில் நின்றது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்ததே ஓர் அறிவிப்பு! பட்ட நிறைவுத் திட்டம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேறிய தாள்களை மறுபடி எழுத வேண்டாம். மாலையில் வரலாம், சனிக்கிழமை மட்டும் வரலாம், வரவே முடியாதவர் வீட்டிலிருந்து கணினியில் படிக்கலாம். பருவத்துக்கு ஒரு தாள் எழுதினாலும் போதும். செய்த வேலையில் கற்றதையே ஒரு தாளாகக் கணக்கில் கொள்வார்கள். உலகத்தில் இப்படி ஒரு நல்ல காரியம் உண்டா? உண்டு. அதை நடத்துகிற கவுன்ட்டரில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் அதில் இருந்த ஒரே கோளாறு.

வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் தர என்னையும் நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேலாண்மைப் பேராசிரியை கேட்டார்: "ரொம்பக் கோபமா ஒருத்தர் உங்க முன்னால நிக்கிறார். என்ன செய்வீங்க?" நான் சொன்னேன்: "நாளைக்கு வரச் சொல்வேன் மேடம். நாளைக்குக் கோபம் பாதியா குறைஞ்சிருக்கும். நாளன்னைக்கு அவரே குறைஞ்சிருப்பார்." முழு மதிப்பெண்! நான் என்ன செய்வேன், அனுபவம் பேசுகிறது.

இனிக் கவனமாகக் கேளுங்கள். விண்ணப்பம் போட வேண்டுமே! போட்டேன். அது எங்கே வரும்? நாலாம் நம்பர் கவுன்ட்டருக்கு வரும். அங்கே யார்? நானே! கண்ணாடி போட்டுக்கொண்டு என் விண்ணப்பத்தை நானே புரட்டினேன். துறைத் தலைவர் கையொப்பமிட்ட வருகைச் சான்று இல்லை. எடுத்தேன் முத்திரையை. குத்தினேன் ஒரு குத்து: 'குறைபாடு உள்ளது, திருப்பப்படுகிறது.' பக்கத்து மேசைத் தங்கை பதறிப்போனாள். "அக்கா, உங்க ஃபார்மை நீங்களேவா திருப்பிட்டீங்க?" "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றேன். அந்தப் பெருமையில் இரண்டு நாள் தரையிலேயே நடக்கவில்லை நான்.

ஆனால் அந்தச் சான்றுக்கு எங்கே போவது? என் துறையை மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துறை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். சைக்கிள்களிடமா கையொப்பம் வாங்குவது? ஆவண அறையின் சாவி என் இழுப்பறையில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் மதியம் உள்ளே போனேன். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். என் பக்கத்தை நகல் எடுத்தேன். பதிவாளர் ஐயா தேநீரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது வேலை. படித்தேன், எழுதினேன், தேறினேன்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றேனே! சாவி எல்லாருக்கும் இருந்ததா? இதை நான் அன்றைக்குக் கேட்கவில்லை. போன வாரம் வேறொருவர் கேட்க வைத்தார்.

வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறதே, பார்த்தீர்களா? இவ்வளவு கூட்டம் கூடினால் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்பது விதி. பயப்படாதீர்கள், என் பேச்சைக் கேட்டு மயங்குபவர்களுக்காக மட்டும் வந்ததல்ல அது. அந்த வண்டியின் ஓட்டுநர் என் துறையில் படித்தவர். வீட்டுச் சுமை தலையில் விழுந்ததால் மூன்று தாள் பாக்கியோடு பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வெளியே போனவர். அன்று முதல் வண்டியும் ஓட்டினார், ஸ்ட்ரெச்சரும் தூக்கினார். எத்தனை பேரைத் தூக்கினாரோ, போன ஆண்டு அவர் முதுகு அவரைக் கைவிட்டுவிட்டது. இனி ஒரு கிலோ கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார் மருத்துவர்.

அவருக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிற கட்டுப்பாட்டு அறை வேலை. அதற்குப் பட்டம் வேண்டும். படிப்பில் சேர்ந்துவிட்டதாக ஓர் அத்தாட்சி காட்டினால் ஓராண்டு அந்த இடத்தை வைத்திருப்பார்களாம். காட்டாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவர் நாலு முறை என் கவுன்ட்டருக்கு வந்தார். நாலு முறையும் வருகைச் சான்று இல்லை என்று குத்தித் திருப்பினேன்.

நாலாம் முறை அவர் நகரவில்லை. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் கையூன்றி நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க."

"சீக்கிரம் கேளுங்க, பின்னால ஆள் நிக்குது."

"நீங்களும் எங்க டிபார்ட்மென்ட்தானே? உங்களுக்கு அந்தச் சான்று எங்க கெடச்சுது? அட்ரஸ் சொன்னீங்கன்னா நானும் போய் வாங்கிக்குவேன்."

அவர் குத்திக்காட்டவில்லை, அவையோரே. குத்துவது என் தொழில், அவர் தொழில் அல்ல. உண்மையிலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது, அதற்கு ஒரு முகவரி இருக்கிறது என்று நம்பிக் கேட்டார். வெட்கமாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஆவண அறைக்குப் போனேன். என் பெயர் இருந்த அலமாரியிலேயே இரண்டு தட்டு கீழே அவர் பெயர் இருந்தது. தொண்ணூற்றொரு சதவீத வருகை! எனக்கு எண்பத்திரண்டுதான். அன்றே உட்கார்ந்து தேடினேன். அந்தத் துறையில் பாதியில் விட்டு, இதே சான்றுக்காக என்னால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மொத்தம் முப்பத்தேழு பேர். முப்பத்தேழு பேரின் வருகையும் அந்த ஓர் அலமாரியில் இருக்கிறது.

நகல் எடுத்துக்கொண்டு பதிவாளர் ஐயாவிடம் ஓடினேன். "அது உங்களுக்காகச் செஞ்ச ஸ்பெஷல் கேஸ்மா. மத்தவங்களுக்குன்னா கவுன்சில் கூடணும்" என்றார். கவுன்சில் கூட இரண்டு மாதம் ஆகும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது தெரியுமா? இன்று. மாலை ஐந்து மணி. துணைவேந்தர் அம்மா நினைத்தால் ஒரே வரியில் உத்தரவிடலாம். ஒன்பதாம் பிரிவு, மூன்றாம் பத்தி. அந்தச் சட்டப் புத்தகத்தை நான் மனப்பாடமாக அறிவேன் அம்மா, ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே படித்தவள் நான். உங்களைப் பார்க்க மூன்று நாள் உங்கள் அறைக்கும் வந்தேன். உங்கள் உதவியாளர் மூன்று நாளும் என்ன சொன்னார் தெரியுமா? "நாளைக்கு வாங்க!"

ஆம், கைதட்டுங்கள். நன்றாகவே தட்டுங்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அதனால்தான் இந்த மேடைக்கு வந்தேன். பதிவாளர் ஐயா, மணியடிக்க வேண்டாம், ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. பட்டம் யாருக்காக அம்மா? நேரம் இருப்பவனுக்கா, நேரத்தை உழைப்புக்குக் கொடுத்தவனுக்கா? கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கா, அந்தப் பக்கம் நின்று காத்துக் கிடப்பவனுக்கா? மாலை வகுப்பு வைத்தோம், சனிக்கிழமை வகுப்பு வைத்தோம், வீட்டுக்கே பாடத்தை அனுப்பினோம். வளைந்து கொடுத்தோம், வாசல் வரை வளைந்து கொடுத்தோம்! வாசலில் ஒரு காகிதத்தைக் கேட்டு, அந்தக் காகிதத்தை நாமே பூட்டி வைத்திருந்தால், அந்த வளைவால் யாருக்கு என்ன லாபம்?

இதோ, அரை மணி நேரத்துக்கு முன் உங்கள் கையால் நீங்கள் கொடுத்த என் பட்டம். இதை உங்கள் முன் மேசையில் வைக்கிறேன். பக்கத்தில், நான் திருப்பியனுப்பிய முப்பத்தேழு விண்ணப்பங்களின் அலுவலகப் படிகளையும் வைக்கிறேன், பதிவேட்டின் நகல்களோடு. என் பட்டம் நின்றது பதிவேட்டின் நகல் ஒன்றை நம்பி. அந்த நகல் செல்லும் என்றால் இந்த முப்பத்தேழும் செல்லும். செல்லாது என்றால் என் பட்டமும் செல்லாது. எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா. இதை வாங்க எனக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின.

அமைதி, அமைதி. கொஞ்சம் பொறுங்கள், துணைவேந்தர் அம்மா பதிவாளர் ஐயாவிடம் ஏதோ கேட்கிறார். ஐயா தலையை ஆட்டுகிறார், ஆனால் எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் ஆட்டுகிறார். முதல் விண்ணப்பத்தைப் புரட்டுகிறார் அம்மா. ஆமாம் அம்மா, அது அந்த ஓட்டுநருடையதுதான்.

பேனா கேட்கிறார்! அவையோரே, துணைவேந்தர் பேனா கேட்கிறார்! எழுதுகிறார். படிக்கட்டுமா அம்மா? 'பதிவேட்டின் நகலே போதுமானது. அனைவருக்கும் பொருந்தும்.' அனைவருக்கும்! கையொப்பம், தேதி, எல்லாம் இருக்கிறது. குறைபாடு எதுவும் இல்லை. நான் சரிபார்த்துவிட்டேன்.

வாசலில் யாராவது அந்த ஓட்டுநரைக் கூப்பிடுங்கள். வந்துவிட்டாரா? கதவருகே நிற்கிறாரா? தம்பி, நாலு முறை உங்களைத் திருப்பி அனுப்பினேன். நான் எழுந்து பத்தடி நடந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நடக்கவில்லை. இந்தச் சபை சாட்சியாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்கிறார். கடைசிப் பக்கத்தில், தம்பி. கீழே, வலது பக்கம்.

ஒரு வரியில் முப்பத்தேழு வீடுகளுக்கு விளக்கேற்றிய துணைவேந்தர் அம்மாவுக்கு நன்றி. மணியடிக்க மறந்துபோன பதிவாளர் ஐயாவுக்கும் நன்றி. மணி நாலு நாற்பது. விண்ணப்பங்கள் எல்லாம் ஐந்து மணிக்குள் வந்து சேர்ந்துவிட்டன; இன்னும் முப்பத்தாறு பேருக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். நான் கிளம்புகிறேன். வணக்கம்!